கேளுங்கள், சிக்னல் கொடுக்கப்படும்

'ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்', கும்பகோணம்

கே: 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறேன். படுக்கையறையில் பேரனோடு வீடியோ காலில் பேசினால், அவன் முகம் கட்டம் கட்டமாக நின்றுபோகிறது. புகார் செய்தால், "எங்க சைடு எல்லாம் ஓகே சார்" என்கிறார்கள். பொய்தானே?

ப: பொய் இல்லை, அதுதான் எரிச்சல். 200 என்பது உங்கள் வீட்டு வாசல் வரை வருகிற வேகம். அங்கிருந்து கட்டில் வரை கொண்டுவருவது ரவுட்டர் பாடு. அது எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. நானே சொல்கிறேன்: வாசக்கதவை ஒட்டி, ஷூ ராக்குக்கு மேல். அங்கே இல்லையென்றால் டிவிக்குப் பின்னால். ஒயர் எங்கே உள்ளே நுழைகிறதோ அங்கேயே ஆணி அடித்து மாட்டுவதுதான் இன்ஸ்டலேஷனுக்கு வரும் தம்பிகளின் சாஸ்திரம். அவர்களுக்கு அன்றைக்கு இன்னும் நாலு வீடு பாக்கி.

யாரோடும் சண்டைக்குப் போகுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். போனோடு ரவுட்டருக்கு எதிரே போய் நின்று ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். அங்கே 180, கட்டிலில் 8 என்றால் வில்லன் உங்கள் சுவர். எதிரே நின்றும் 8தான் என்றால், லேப்டாப்பை லேன் கேபிளில் நேராகச் செருகி இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் ஏறவில்லையென்றால் தாராளமாகக் குரலை உயர்த்தலாம், சாட்சி கையில் இருக்கிறது.

பழைய காலத்துக் கனத்த செங்கல் சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் அலைக்கு மூச்சு வாங்கிவிடும். வழியில் ஸ்டீல் பீரோ நின்றால் கேட்கவே வேண்டாம். நிலைக்கண்ணாடியின் பின்பூச்சுகூட உலோகம்தான், அதுவும் அலையைத் திருப்பி அனுப்பும். ரவுட்டரைக் கூடத்துக்குக் கொண்டுவந்து ஆளுயரத்தில் வையுங்கள். ஃபைபரை நீட்ட ஆள் கிடைக்காவிட்டால், வாசல் பெட்டியிலிருந்து ஒரு லேன் கேபிளை உள்ளே இழுத்து, அதன் முனையில் இன்னொரு ரவுட்டரை மாட்டுங்கள். லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். உங்கள் வீடு அவ்வளவு நீளமென்றால் வாழ்த்துகள்.

'மனையடி சாஸ்திரம் பார்ப்பவர்', ஸ்ரீரங்கம்

கே: ரவுட்டரை எந்த மூலையில் வைக்கலாம்?

ப: எந்த மூலையும் ஆகாது. மூலையில் வைத்தால் பாதி சிக்னல் பக்கத்து வீட்டுக்குத் தானமாகப் போகும். நீங்கள் எல்லோரையும் காலியாக விடச் சொல்வீர்களே பிரம்மஸ்தானம், ரவுட்டருக்கு ராஜயோகம் அந்த இடத்தில்தான்.

'இரண்டு பெயர் பார்த்துக் குழம்பியவள்', விருதுநகர்

கே: வைஃபை பட்டியலில் எங்கள் வீட்டுப் பெயரே இரண்டு தடவை வருகிறது. ஒன்றின் வாலில் '5ஜி' என்று இருக்கிறது. என் போன் பழைய 4ஜி. அதில் சேரலாமா?

ப: தாராளமாக. செல்போன் கம்பெனிகளின் 5ஜிக்கும் இதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. இந்த 5, கிகாஹெர்ட்ஸைக் குறிக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது, ஆனால் சுவரைத் தாண்டும். 5 வேகமானது, சுவரைக் கண்டால் சுருண்டுவிடும். ஒரே அறை என்றால் 5, அடுப்படிக்கும் மொட்டை மாடிக்கும் 2.4. உங்கள் போனில் 5 என்ற பெயரே தெரியவில்லையென்றால் அதற்கு அந்தப் பட்டை பிடிபடாது என்று அர்த்தம். ஸ்மார்ட் பல்பு, வைஃபை பிளக், சிசிடிவி போன்றவற்றில் பெரும்பாலானவை 2.4 மட்டுமே அறிந்தவை. புது பல்பு ரவுட்டரோடு சேர மறுத்தால், அமைக்கும் நேரத்துக்கு மட்டும் போனையும் 2.4க்கு மாற்றிக்கொள்ளுங்கள். பாதி பல்புகள் கடைக்குத் திரும்பிப் போகாமல் தப்பிக்கும்.

'அசோசியேஷன் செக்ரட்டரி', வேளச்சேரி

கே: பகலில் பறக்கிறது, இரவு எட்டு மணிக்குத் தவழ்கிறது. எங்கள் பிளாக்கில் மட்டும் 24 வீடு. எல்லோரும் சேர்ந்து கம்பெனியை மாற்றலாமா?

ப: கம்பெனியை மாற்றுமுன் சேனலை மாற்றிப் பாருங்கள், அது இலவசம். 2.4 பட்டையில் நம் ஊரில் 13 சேனல் உண்டு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஆனால் ஒரு ரவுட்டர் பேச ஏறக்குறைய 20 வேண்டும். ஆகவே ஒன்றோடொன்று இடிக்காமல் உட்கார 1, 6, 11 என மூன்றே இடங்கள். 'யாரும் இல்லையே' என்று 3இல் போய் உட்காருகிறவர்தான் உங்கள் பிளாக்கின் நிஜமான பிரச்சினை. ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்று பேசும்போது மற்றது காத்திருக்கும். 3இல் இருப்பவர் 1க்கும் 6க்கும் வெறும் இரைச்சல், அவருக்கு அவர்கள் இரைச்சல். முறைவைத்துப் பேச அங்கே வழியே இல்லை.

பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்தால் ரவுட்டரின் உள்வீடு திறக்கும். சரியான எண் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். வயர்லெஸ் பகுதியில் சேனலை இந்த மூன்றில் ஒன்றாக்கி, சேனல் அகலத்தை 20 ஆக்குங்கள். 40 வைத்துக்கொள்வது அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் இரண்டு காருக்கான இடத்தில் ஒரு காரைக் குறுக்கே நிறுத்துவது. செக்ரட்டரிக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. வேகம் வேண்டிய டிவியையும் லேப்டாப்பையும் 5க்குத் தள்ளிவிடுங்கள். அங்கே இடம் நிறைய, பக்கத்து வீட்டு அலை சுவர் தாண்டி வருவதும் குறைவு.

இவ்வளவுக்குப் பிறகும் எட்டு மணிக்கு லேன் கேபிளிலேயே தவழ்ந்தால், சரி, கம்பெனியை மாற்றுங்கள்.

'சிவப்பைக் கண்டு பயந்தவன்', நாகர்கோவில்

கே: எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னுகிறது. பத்துத் தடவை ஆஃப் செய்து ஆன் செய்துவிட்டேன்.

ப: பதினோராவது தடவை வேண்டாம். அந்தச் சிவப்புக்கு, 'ஃபைபரில் எனக்கு ஒளி வந்து சேரவில்லை' என்று பொருள். தெருவில் லாரி உயரமாக வைக்கோல் ஏற்றிப் போயிருக்கலாம், அணில் கடித்திருக்கலாம். உங்கள் கையில் உள்ளது ஒன்றுதான்: பெட்டிக்கு வரும் மெல்லிய கேபிளைக் கட்டில் காலோ சோபாவோ மடக்கி நசுக்குகிறதா என்று பாருங்கள். கண்ணாடி இழை கூர்மையாக மடங்கினால் ஒளி வெளியே கசிந்துவிடும். பிளக்கைக் கழற்றி 'ஒளி வருதா' என்று கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். உள்ளே வருவது அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது, கண்ணுக்கு நல்லதும் அல்ல. லைன்மேனுக்குப் போன் போடுங்கள்.

'ஊக்கால் குத்தியவள்', பொள்ளாச்சி

கே: நெட் மெதுவாக இருந்தது. ரவுட்டரின் பின்னால் ஒரு சின்ன ஓட்டையில் 'ரீசெட்' என்று எழுதியிருந்தது. ஊக்கை விட்டு அழுத்தினேன். இப்போது சுத்தமாக வரவில்லை.

ப: ஊக்கைப் புடவைக்கே திருப்பிக் கொடுங்கள். ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. சுவிட்சை அணைத்துப் போடுவது ரீஸ்டார்ட், அதில் ஒன்றும் அழியாது. ஓட்டைக்குள் பத்து வினாடி அழுத்துவது ரீசெட். வைஃபை பெயர், பாஸ்வேர்டு மட்டுமல்ல, பல இணைப்புகளில் கம்பெனி தந்த யூசர்நேமும் வீலேன் எண்ணும் சேர்ந்தே துடைக்கப்பட்டுவிடும். அவை இல்லாமல் அந்தப் பெட்டி இணையத்தின் கதவைத் தட்டவே முடியாது. கஸ்டமர் கேரில் கேட்டு வாங்கிப் போடுங்கள். மறுபடி ஓட ஆரம்பித்ததும் செட்டிங்ஸ் பக்கத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள், முக்கியமாக 'வேன்' என்ற பக்கத்தை.

'கணக்கு வாத்தியார்', தருமபுரி

கே: 100 எம்பிபிஎஸ் என்றார்கள். சினிமா டவுன்லோடு செய்தால் வினாடிக்கு 12 எம்பிதான் காட்டுகிறது. 88 எங்கே போயிற்று?

ப: எங்கும் போகவில்லை. பிளான் பிட் கணக்கு, டவுன்லோடு பைட் கணக்கு. எட்டால் வகுங்கள் சார், நீங்களே!

'ரிப்பீட்டர் வாங்கி ஏமாந்தவன்', ஓசூர்

கே: பின்னறையில் சிக்னலே இல்லை என்று ஒரு ரிப்பீட்டரைப் பின்னறையில் மாட்டினேன். இப்போது போனில் கோடு முழுசாக இருக்கிறது, நெட் மட்டும் இல்லை.

ப: சிக்னல் இல்லாத இடத்தில் ரிப்பீட்டர் எதை ரிப்பீட் செய்யும்? நீங்கள் பார்க்கும் கோடு போனுக்கும் ரிப்பீட்டருக்கும் இடையிலானது. ரிப்பீட்டருக்கும் ரவுட்டருக்கும் இடையே உள்ள பஞ்சத்தை அது காட்டாது. நடுவழியில், சிக்னல் இன்னும் பாதிக்கு மேல் இருக்கும் இடத்தில் மாட்டுங்கள். அப்போதும், ஒரே சேனலில் கேட்டு அதிலேயே திருப்பிச் சொல்கிற மலிவு ரகமென்றால் வேகம் பாதியாகும்.

பரணில் பழைய ரவுட்டர் கிடக்கிறதா? அதுதான் நல்ல வைத்தியம். அதை லேப்டாப்பில் செருகி, முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள் (முக்கிய ரவுட்டர் 192.168.1.1இல் இருந்தால்). டிஹெச்சிபியை அணையுங்கள். வீட்டில் எண் வழங்குகிறவர் ஒருவர்தான் இருக்கவேண்டும், இருவர் வழங்கினால் அடிதடி. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் முதல் ரவுட்டரில் உள்ளதேதான். பின்னறை வரை லேன் கேபிள் இழுத்து, பழைய ரவுட்டரின் 'வேன்' துளையில் அல்ல, 'லேன்' துளை ஒன்றில் செருகுங்கள். இந்த ஒரு துளையில்தான் முக்கால்வாசிப் பேர் கவிழ்கிறார்கள். பழைய பெட்டியின் வேகம் 95ஐத் தாண்டவில்லை என்றால் பயம் வேண்டாம், அதன் துளைகள் 100 எம்பிபிஎஸ் ரகமாக இருக்கும். புதுப் பெட்டியிலும் 95 என்றால் கேபிளின் எட்டுக் கம்பிகளில் ஏதோ ஒன்று பிளக்கில் சரியாகப் பதியவில்லை. பிளக்கை வெட்டிவிட்டுப் புதிதாக அடியுங்கள்.

'தெருவுக்கே படியளப்பவர்', மதுரை

கே: மகன் தன் நண்பர்கள் எல்லோருக்கும் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டான். திண்ணையில் எப்போதும் ஏழெட்டுச் செருப்பு.

ப: 'கெஸ்ட் நெட்வொர்க்' என்று ஒன்று ரவுட்டரில் இருக்கும். அதைத் திறந்து திண்ணைக்காரர்களுக்கு விடுங்கள், உங்கள் கம்ப்யூட்டரும் கேமராவும் அவர்கள் கண்ணில் படாது. சொந்த வைஃபைக்குப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வீட்டு நாயின் பெயரும் மகன் பிறந்த வருடமும் பாஸ்வேர்டு ஆகாது. 63 எழுத்து வரை இடமுண்டு, பாட்டி அடிக்கடி திட்டும் முழு வாக்கியத்தை ஆங்கில எழுத்தில் போடலாம். டபிள்யூபிஎஸ் என்ற குறுக்குவழியை அணையுங்கள். அதன் எட்டு இலக்கப் பின்னை எளிதில் உடைக்கலாம் என்பது 2011இலேயே வெளிவந்துவிட்டது. உள்வீட்டுக்குள் நுழையும் 'அட்மின்' பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். மகனிடம் சொல்லாதீர்கள்.

'பொறுமை இழந்தவர்', காஞ்சிபுரம்

கே: மணிக்கு ஒருதரம் தானே அணைந்து எரிகிறது. தூக்கிக் குப்பையில் போட்டுவிடலாமா?

ப: முதலில் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். தளர்ந்த அடாப்டர் போதிய மின்சாரம் தராமல் ரவுட்டரை மயங்கவைக்கும். லேபிளில் 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றிருந்தால் வோல்ட் அப்படியே இருக்கவேண்டும், ஆம்பியர் குறையக்கூடாது. செட்டாப் பாக்ஸின் அடாப்டர் துளையில் பொருந்துகிறது என்பதற்காகச் செருகாதீர்கள். அதற்கும் அடங்கவில்லையென்றால், குப்பைக்குப் போகுமுன் இணைப்பு வாங்கிய ரசீதைப் பாருங்கள். பல வீடுகளில் அந்தப் பெட்டி கம்பெனியுடையது, உங்கள் டெபாசிட் அதன் மேல்தான் இருக்கிறது.