மழைநீருக்குப் பொறுப்பான அதிகாரி அவர்களுக்கு

அனுப்புநர்:
வாடகைக் குடித்தனக்காரன் ஒருவன், ஹப்சிகுடா, ஹைதராபாத்.

பெறுநர்:
தரையைத் தொட்ட பிறகு மழைநீருக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள் (எந்தத் துறை, எத்தனையாவது மாடி என்று தெரியவில்லை).

பொருள்: தெருவைக் கழுவிக்கொண்டு நாலாவில் (மழைநீர்க் கால்வாயில்) விழும் தண்ணீரை உரியவரிடம் ஒப்படைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. அரசாணை 111, நாள் 8.3.1996.
2. அரசாணை 69, நாள் 12.4.2022.
3. என் வீட்டு வாசல், ஒவ்வொரு மழைக்கும்.

ஐயா,

நேற்று ஒரு மணி நேரம் நல்ல மழை. மெக்கானிக் கடை ஆயில், டயர் தூசி, டிபன் கடைக் கழிவு, மாட்டுச் சாணம், யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு எல்லாம் ஒன்றாகக் கலந்து என் வாசலுக்கு வந்தன. குடிமகன் என்ற முறையில் போன் செய்தேன்.

முதல் அலுவலகத்தில், "மழைத் தண்ணி எங்களோடது. சாக்கடை கலந்திருந்தா எங்களோடது இல்லை" என்றார்கள். இரண்டாவது அலுவலகத்தில், "மேன்ஹோல் மூடிக்குக் கீழே இருக்கிறவரை எங்களோடது. மூடியைத் தள்ளிட்டு வெளியே வந்துட்டா அது மழைத் தண்ணி" என்றார்கள். மூன்றாவது அலுவலகத்தில்தான் அக்கறையாக, "எந்தக் கம்பெனிக் குழாயிலிருந்து வருது?" என்று கேட்டார்கள். வானத்திலிருந்து என்றேன். போனை வைத்துவிட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி, கழிவு விடுகிற ஆலை முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். குழாய் இருந்தால் ஆளைப் பிடிக்கலாம். தெரு முழுவதும் சேர்ந்து விடுகிற கழிவுக்குக் குழாயும் இல்லை, விண்ணப்பதாரரும் இல்லை. மேகத்துக்காவது ஒரு நோட்டீஸ் அனுப்பிப் பாருங்கள். பதில் வராவிட்டாலும் கோப்பில் ஒரு தாள் சேரும்.

அறிவியல் போதவில்லை என்று சொல்லிவிடாதீர்கள். தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனமும், உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமான சிசிஎம்பியும் எங்கள் உப்பல் சாலையிலேயே இருக்கின்றன. பக்கத்துத் தார்நாகாவில் இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனமான ஐஐசிடி. 2020இல் சிசிஎம்பி, ஐஐசிடி விஞ்ஞானிகள் நகரத்தின் சாக்கடை நீரைச் சோதித்து, எத்தனை பேருக்குக் கொரோனா தொற்றியிருக்கும் என்றே கணக்குச் சொன்னார்கள். நம் ஊர்ச் சாக்கடை உண்மையைத்தான் பேசுகிறது. கேட்டு எழுதிக்கொள்ள ஒரு மேசைதான் இல்லை.

உங்களுக்கு விஷயம் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1908இல் மூசி ஆறு பெருக்கெடுத்து நகரத்தையே வாரிக்கொண்டு போன பிறகு உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் கட்டப்பட்டன. அந்த ஏரிகளைக் காக்க 1996இல் வந்தது அரசாணை 111. ஏரியைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்கு, 84 கிராமங்களில், மாசு உண்டாக்கும் ஆலைகள் கூடாது. பெரிய கட்டடங்களும் கூடாது. தண்ணீரைக் காப்பதென்றால் அது ஓடிவரும் மண்ணைக் காக்க வேண்டும் என்று அரசே கையெழுத்துப் போட்டது. மறு வருடமே ஓர் எண்ணெய் ஆலைக்கு விலக்கும் அளித்தது. அந்த விலக்கை ரத்துசெய்ய 2000இல் உச்ச நீதிமன்றம் வர வேண்டியிருந்தது.

பிறகு, அந்த ஏரிகள் இப்போது நகரத்தின் முக்கியக் குடிநீர் ஆதாரம் இல்லை என்று காரணம் காட்டி வந்தது அரசாணை 69. கட்டுப்பாடுகளை நீக்கிய கையோடு, ஏரிநீரின் தரம் கெடக் கூடாது என்று நிபந்தனையும் போட்டது. வேலியைப் பிடுங்கிவிட்டு, மேயக் கூடாது என்று ஆட்டுக்குப் புத்தி சொன்ன கதை.

எங்கள் பக்கத்து ஏரிகளுக்கு அந்த வேலிகூடக் கிடைத்ததில்லை. 2020 அக்டோபர் 13 இரவு பெய்த மழையில் ராமந்தாபூர், உப்பல், ஹப்சிகுடா வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அன்று வந்தது வெறும் தண்ணீரா? வடிந்த பிறகு சுவரில் நின்ற கறுப்புக் கோட்டைச் சுரண்டியவர்களைக் கேளுங்கள்.

என் கோரிக்கைகள் சிறியவை. எந்தத் தெருத் தண்ணீர் எந்த நாலாவில் விழுகிறது என்று ஒரு வரைபடம். சாக்கடைக்கும் மழைநீருக்கும் விவாகரத்து. நாலாவில் அள்ளிய சேற்றை அதன் கரையிலேயே குவித்து, அடுத்த மழை திருப்பித் தள்ளக் காத்திருக்காமல், அன்றைக்கே லாரியில் ஏற்றுவது. இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு அலுவலகம், ஒரே ஒரு போன் நம்பர்.

இப்படிக்கு,
நனைந்த கால்சட்டையுடன்,
தங்கள் உண்மையுள்ள வாடகைக் குடித்தனக்காரன்.

நகல்: உப்பலுக்கு அப்பால் மூசித் தண்ணீரில் மாட்டுப்புல் வளர்ப்பவர்களுக்கும், நல்கொண்டாவில் நெல் விளைவிப்பவர்களுக்கும். எங்கள் தெருத் தண்ணீரின் உண்மையான பெறுநர்கள் அவர்கள்தான். அந்தப் புல்லைத் தின்னும் எருமைகளின் பால் ஹைதராபாத்துக்கே வருகிறது. தங்கள் அலுவலகத்து டீயிலும் அது இருக்கலாம்.