பேஸ் எங்கே போச்சு?

கேள்வி: கடையில் நெஞ்சை உலுக்கிய ஸ்பீக்கர், வீட்டுக்கு வந்ததும் பரம சாதுவாகிவிட்டதே?
– வாசகர், சேலையூர்

பதில்: முதலில் பின்னால் போய் ஒயரைப் பாருங்கள். ஒரு பெட்டியில் மட்டும் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருந்தால், ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். நடுவில் பேஸ் காலி. ஒயர் சரியா? அப்படியானால் குற்றவாளி உங்கள் நாற்காலி. 12 அடி அறையில் 47 ஹெர்ட்ஸ் வாக்கில் உள்ள ஒலி சுவரோரம் பெருகும், அறை நடுவே ஏறக்குறையப் படுத்துவிடும். நடுவில்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள்? இரண்டடி பின்னே நகருங்கள். ஜிஎஸ்டி கிடையாது.

கேள்வி: ஒரு அட்டையில் 35 ஹெர்ட்ஸ், இன்னொன்றில் 50. எதை வாங்க?
– வாசகர், குரோம்பேட்டை

பதில்: 35 என்பது எத்தனை டெசிபெல் இறங்கிய பிறகு? பக்கத்தில் ‘±3 டெசிபெல்’ என்று இல்லாவிட்டால் அந்த எண் வெறும் அலங்காரம். பேஸ் கிடாரின் தடித்த தந்தியே 41 ஹெர்ட்ஸ்தான். 50 வரை நேர்மையாக இறங்குகிற பெட்டி, 35 என்று பீற்றிக்கொள்கிற பெட்டியை விட மேல்.

கேள்வி: ‘4,000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்றால்?
– வாசகர், பெருங்களத்தூர்

பதில்: 230 வோல்ட், 6 ஆம்பியர் பிளக். பெருக்கினால் 1,380 வாட். மீதி எங்கிருந்து வருகிறது என்று கடைக்காரரைக் கேளுங்கள்.

கேள்வி: ரிச்சி தெருவில் இரண்டு ஜோடியை ஒப்பிட்டுக் கேட்கப் போகிறேன். சூட்சுமம்?
– வாசகர், முடிச்சூர்

பதில்: வால்யூம் குமிழ் யார் கையில் என்பதுதான். விற்க நினைக்கிற ஜோடிக்குச் சத்தம் லேசாக ஏறும்; உடனே பேஸும் கூடினாற்போல் இருக்கும். சத்தம் குறைந்தால் காதுக்கு முதலில் தேய்வது பேஸ்தான். ஒலி ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து சொன்ன சங்கதி. ஆகவே இரண்டையும் ஒரே சத்தத்தில் வைக்கச் சொல்லுங்கள். போடவேண்டியது, சசிதரன் பேஸ் கிடார் வாசித்த எண்பதுகளின் இளையராஜா பாட்டு ஒன்று. பல்லவி ஓடும்போது பாடகரை விட்டுவிட்டு, பேஸோடு சேர்ந்து வாய்க்குள் முனகிப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகப் பிடிபட்டால் நல்ல ஸ்பீக்கர். எல்லாம் ஒரே ‘தும் தும்’ என்றால், எவ்வளவு அதிர்ந்தாலும் வேண்டாம். நிறையப் பேர் பேஸ் என்று காசு கொடுத்து வாங்குவது இந்தத் ‘தும்’மைத்தான்.

கேள்வி: பின்னால் ஓட்டை உள்ள பெட்டியா, மூடிய பெட்டியா?
– வாசகர், சானடோரியம்

பதில்: ஓட்டைப் பெட்டி இன்னும் கொஞ்சம் கீழே போகும், அதற்குக் கீழே மடமடவென்று விழும். மூடியது சீக்கிரமே இறங்கத் தொடங்கும், ஆனால் நிதானமாக. சுவரோரம்தான் இடம் என்றால் மூடியதே தேவலை.

கேள்வி: பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய ஸ்பீக்கர் மலிவாமே?
– வாசகர், அனகாபுத்தூர்

பதில்: கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். நுரை ரகம் நம்மூர் ஈரக்காற்றில் அப்பளமாக நொறுங்கும். ரப்பர் என்றால், நான்கு விரலால் கூம்பை மெல்ல, சமமாக அழுத்துங்கள். ‘கரகர’ என்றால் உள்ளே சுருள் உரசுகிறது, வைத்துவிட்டு வாருங்கள். சத்தமில்லையா, பேரம் பேசலாம்.

கேள்வி: கச்சேரி மட்டும்தான் கேட்பேன். சப்வூஃபர்?
– வாசகர், மாடம்பாக்கம்

பதில்: மிருதங்கத் தொப்பியின் கும்கியைக் காட்ட நல்ல 6 அங்குல ஸ்பீக்கரே போதும். மிச்சக் காசுக்கு டிசம்பரில் டிக்கெட்.

கேள்வி: மாடியிலிருக்கும் ஹவுஸ் ஓனர், ‘பாட்டு கேட்கவில்லை, இடி மட்டும் கேட்கிறது’ என்கிறார்.
– வாசகர், செம்பாக்கம்

பதில்: உண்மைதான் சொல்கிறார். சுவர் பாடகரைத் தடுக்கும், பேஸைத் தடுக்காது. முட்டைத் தட்டு ஒட்டினாலும் பிரயோஜனமில்லை. பெட்டியை மூலையிலிருந்து வெளியே இழுங்கள். அதிர்வு கணிசமாகக் குறையும். இல்லையேல், அவருக்குப் பிடித்த பாட்டு எது என்று விசாரியுங்கள்.