அறக்கட்டளைச் சொற்பொழிவு நடத்தப் போற மருமவனுக்கு

ஏ மருமவனே, இந்த வருசத்து அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு உன்னை ஒருங்கிணைப்பாளராப் போட்டிருக்காவளாமே. உங்க அம்மை போன்ல சொன்னா. சந்தோசம்டே. கேக்காமலே புத்தி சொல்லுததுக்குத்தானே தாய்மாமன்னு ஒருத்தன் இருக்கேன், கேட்டுக்கோ.

முதல் வேலை அழைப்பிதழ். துணைவேந்தர், பதிவாளர், புல முதன்மையர், துறைத்தலைவர்னு எந்தப் பேரு எந்தப் பேருக்கு மேல வரணும்னு ரெண்டு நாள் உக்காந்து யோசி. அதுல ஒரு வரி முன்னப் பின்ன ஆச்சுன்னா உன் பதவி உயர்வுக் காகிதம் எந்த மேசையில தூங்கும்னு சொல்ல முடியாது. பேச்சோட தலைப்பு கீழ பொடி எழுத்துல இருந்தாப் போதும். அது மாறிப்போனாக்கூட யாரும் கேக்க மாட்டாவ.

நேரம் பகல் 11 மணி. வேலை நாளாப் பாத்து வை. "பொதுமக்கள் அனைவரும் வருக"ன்னு அடியில மறக்காமப் போட்டுரு, போட்டாத்தான் அது பொதுச் சொற்பொழிவு. 11 மணிக்கு வயக்காட்டுல நிக்கவனும் வர மாட்டான், கடை திறந்தவனும் வர மாட்டான், பீடி சுத்துதவளும் வர மாட்டா. தப்பித் தவறி ஒருத்தன் வந்துட்டாலும் கேட்டுல வாட்ச்மேன் இருக்கான். "யாரைப் பாக்கணும்?"னு கேப்பான். "பேச்சு கேக்க வந்தேன்"னு சொன்னா, அதைவிடச் சந்தேகமான பதிலை அவன் சர்வீசுலயே கேட்டிருக்க மாட்டான்.

கூட்டத்துக்குக் கவலையே வேண்டாம். முதுகலைப் பிள்ளைகளை வகுப்போட ஓட்டிட்டு வந்து உக்கார வை. வருகைப் பதிவை மட்டும் முதல்லயே எடுத்துராதே, நன்றியுரைக்குப் பொறவு எடு.

இந்தப் பேச்சுக்குப் பணம் எங்கேருந்து வருதுன்னு பாத்தியா? எவனோ ஒரு மகன், அம்மை அப்பன் பேரு நிக்கணும்னு பல்கலைக்கழகத்துல ஒரு முதலைப் போட்டு வைச்சான். முதலைத் தொடக் கூடாது, வட்டியில வருசா வருசம் பேச்சு நடக்கணும். 60 வருசத்துக்கு முன்ன 5,000 ரூபா போட்டிருந்தாம்னா அது அன்னைக்கு ஒரு வீட்டுக் காசு. நூத்துக்கு 7 வட்டின்னு வை, வருசத்துக்கு 350 ரூபா. இன்னைக்கு அதுல பேசுதவருக்கு மதிப்பூதியம், பயணப்படி, பொன்னாடை, நினைவுப் பரிசு, அத்தனை பேருக்கும் வடை காப்பி. எப்படிச் சமாளிக்கன்னு என்கிட்ட கேக்காதே. பொன்னாடையை மட்டும் குறைச்சுராதே. பேச்சைக் குறைச்சா யாருக்கும் மனசு நோகாது.

குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, ரெண்டு வாழ்த்துரை, அறிமுகவுரைன்னு ஒழுங்காப் போனா, ஆறு மாசம் படிச்சு எழுதிட்டு வந்த மனுசன் மைக்கைத் தொடுதப்போ மணி பன்னெண்டே முக்கால். அந்நேரம் உள்ள சாம்பார் வாசனை வரும். "சுருக்கமாக முடிக்கவும்"னு ஒரு துண்டுச் சீட்டு எழுதி முன்கூட்டியே சட்டைப்பையில வைச்சுக்கோ.

நம்ம திருநெல்வேலிப் பக்கத்துல சில பேரு இந்த விசயம் தெரியாமப் பொழைச்சிருக்காவ. ராஜவல்லிபுரத்துக்காரர் சேதுப்பிள்ளை வக்கீலுக்குப் படிச்சவர். சென்னைப் பல்கலைக்கழகத்துல 1936-லேருந்து தமிழ் சொல்லிக் கொடுத்தார். வகுப்பு முடிஞ்சா வீட்டுக்குப் போயி விசிறியப் போட்டுப் படுக்க வேண்டியதுதானே? பட்டணத்துச் சனங்களுக்கு வருசக்கணக்காக் கம்பராமாயணம் சொல்லிக்கிட்டிருந்தார். கேக்க வந்ததுல வருகைப் பதிவுக்காக வந்தவன் ஒருத்தன் கிடையாது. தன் அம்மை சொர்ணம்மாள் பேருல அறக்கட்டளை வைச்சவரும் அவருதான். நம்ம வண்ணார்பேட்டையில ரசிகமணி டி.கே.சி. வீட்டுல வட்டத்தொட்டின்னு ஒரு இலக்கியக் கூட்டம் கூடுச்சே, அங்க பொன்னாடையும் கிடையாது, தலைமையுரையும் கிடையாது. ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பிச் சொல்லி ரசிச்சிருக்காவ. அதுக்கு எந்தக் கமிட்டி மதிப்பெண் போடும், சொல்லு.

வரலாற்றுப் பேராசிரியர் கல்லிடைக்குறிச்சி நீலகண்ட சாஸ்திரி இன்னும் மோசம். 1946–47-ல சென்னைப் பல்கலைக்கழகத்து வில்லியம் மேயர் அறக்கட்டளைப் பேச்சுக்குக் கூப்பிட்டா, சுமத்ராவுல இருந்த ஸ்ரீவிஜய ராஜ்ஜியத்தைப் பத்திப் பேசினார். அதை 1949-ல பல்கலைக்கழகமே புத்தகமாப் போட்டுச்சு. அந்த ராஜ்ஜியத்தை ஆராயுதவனுக்கு இன்னைக்கும் புரட்டிப் பாக்க அது இருக்கு. உங்க விதியிலயும் எழுத்துப்படி தரணும்னு ஒரு வரி இருக்கும். வாங்கிக்கோ, பத்திரமாப் பீரோவுல வை, சாவியை மாறிப் போற துறைத்தலைவர்கிட்ட கொடுத்துவிடு.

போட்டோ ரொம்ப முக்கியம். தர மதிப்பீட்டுக்கு நாக் (NAAC) அமைப்புல இடமும் நேரமும் பதிஞ்ச படம்தான் கேப்பாவளாமே. பேசுதவர் வாய் திறந்த படம் வேண்டாம், விளக்கேத்துத படம் போதும்.

இன்னொண்ணு, இது வெளையாட்டில்லை. பணம் போட்டவரு வீட்டிலேருந்து ஒரு வயசாளி வருவா, பேத்தியோ மருமவளோ. முன்வரிசையில உக்காருவா. கலெக்டர் ஆபீசுலேருந்து எவனாவது வந்தா அவளை ரெண்டாம் வரிசைக்கு எழுப்பிருவீங்க, தெரியும். எழுப்புததுக்கு முன்ன அவ வீட்டுப் பெரியவரு போட்ட பணத்துலதான் அன்னைக்கு உங்க எல்லாருக்கும் வடைன்னு ஒரு தரம் நினைச்சுக்கோ.

கேள்வி நேரம் வைக்காதே. "நேரமின்மை காரணமாக"ன்னு ஒரு அருமையான வாக்கியம் உங்ககிட்ட இருக்கே, அது எதுக்கு இருக்கு? ஏன் சொல்லுதேன்னா, நான் வருவேன். வாட்ச்மேன்கிட்ட உன் பேரைச் சொல்லி உள்ள வந்துருவேன். மைக்கு என் கையில கிடைச்சுதோ, பேசுன அய்யாகிட்ட, "இதை எங்க ஊருப் பிள்ளையார் கோயில் திண்ணையில சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து பேசுவீகளா? சாப்பாடு நம்ம வீட்டுல"ன்னு கேட்டுருவேன். அவரு சரின்னு சொல்லிட்டார்னா, அந்த பஸ் காசை எந்தக் கணக்குல எழுதணும்னு தெரியாம நீதான் முழிக்கணும்.