ஓடப் பார்த்த சாமியார்

உலகத்துப் பங்குச்சாமியார்களுக்கெல்லாம் பாதுகாவலராகத் திருச்சபை 1929இல் அறிவித்த புனிதரின் வரலாற்றைப் படித்தால், ரோமாபுரியிலும் குறும்புக்காரர்கள் உண்டு என்று தோன்றும். பிரான்ஸின் ஆர்ஸ் கிராமத்துப் பங்குத்தந்தை ஜான் மரிய வியான்னி, தம் பங்கைவிட்டு ஒரு தடவைக்கு மேல் ஓடப் பார்த்தவர். 1809இல் நெப்போலியன் படைக்கு ஆளெடுத்தபோதும் நழுவி ஒளிந்திருந்த அனுபவசாலி. லத்தீன் மண்டையில் ஏறாமல் தட்டுத்தடுமாறிக் குருப்பட்டம் வாங்கி, 1818இல் சுமார் 230 பேர் வாழ்ந்த ஆர்ஸுக்கு வந்தார். போகப்போக, அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய நாடெங்கிலுமிருந்து கூட்டம் வந்தது. கோடையில் நாளுக்கு 16 மணி நேரம்வரை உட்கார்ந்து ஊரார் பாவங்களைக் கேட்டார். ஒன்றையும் வெளியே சொல்லவும் முடியாது. நம்மில் பலருக்குப் பதினாறு நிமிடமே தாங்காது. 1853இல் இரவோடிரவாகக் கிளம்பியவரை, ஊர்க்காரர்கள் கோயில் மணியடித்து ஆள்திரட்டி மறித்துவிட்டார்கள். 1859இல் அதே ஊரில்தான் கண்மூடினார். என் கட்சி இதுதான்: ஓட ஒருமுறையாவது நினைக்காத ஆளை நம்பிப் பங்கை ஒப்படைக்கக் கூடாது.

ஆதாரம் இவர் ஒருவர் மட்டுமல்ல. அகுஸ்தினார் ஆயர் இல்லாத ஊர்ப்பக்கமே தலைகாட்டமாட்டார்; பிடித்து உட்காரவைத்துவிடுவார்கள் என்ற பயம். ஹிப்போவில்தான் ஆயர் இருக்கிறாரே என்று தைரியமாகப் போனார். 391இல் அங்கே மக்கள் பிடித்துக் குருவாக்கிவிட்டார்கள். அழுதார். நேரே ஆயர் பதவி கிடைக்காத ஏக்கம் என்று நினைத்த சிலர், இதுவும் அதற்குப் பக்கத்துப் படிதான் என்று தேற்றினார்களாம்! நாசியான்சுஸ் கிரகோரியாருக்கோ பட்டம் கொடுத்தவர், அவ்வூர் ஆயரான சொந்தத் தகப்பனார். மகன் ஓடிப்போய் நண்பர் பசிலிடம் தஞ்சம் புகுந்தார். 362 பாஸ்காவுக்குத் திரும்பி, ஏன் ஓடினேன் என்று அவர் எழுதிய விளக்கம் குருத்துவத்தின் பாரத்தைப் பற்றி இன்றும் படிக்கப்படுகிறது. வா வா என்று நச்சரித்தவர்கள் வந்தபின் பிரசங்கம் கேட்க வரவில்லை என்பதையும் அவர் குறையாகச் சொல்லியிருக்கிறார்.

வியான்னி ஓடியது சலிப்பினால் அல்ல, தனிமையில் ஜெபிக்கத்தான் என்று பக்தர்கள் சண்டைக்கு வருவார்கள். ஒப்புக்கொள்கிறேன். இந்த வேலைக்குத் தாம் லாயக்கில்லை என்றே அவர் நம்பினார். ஊரார் ஆன்மாக்களுக்கெல்லாம் கடவுளிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது உறைத்தவருக்குத்தான் கால் தானாக வாசலைப் பார்க்கும். உறைக்காதவர் நிம்மதியாக உட்கார்ந்து கோபுர நிதிக்கு ரசீது கிழிப்பார். (அதுவும் திருப்பணிதான், ஆனால் அதற்குக் கணக்குப்பிள்ளை போதும்.) அப்படியானால் ஓடியே போனவர் உத்தமரா? இல்லை. இந்த மூவரும் அகப்பட்டபின் வேலையைப் பார்த்தார்கள்.

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் என் பக்கம்தான். பங்குத்தந்தை கோயிலுக்கு அருகிலேயே குடியிருக்க வேண்டும். விடுமுறை ஆண்டுக்கு ஒரு மாதத்துக்கு மேல் கூடாது. ஒரு வாரத்துக்கு மேல் வெளியே போனால் ஆயருக்குச் சொல்ல வேண்டும். விலகல் கடிதம் கேட்பது 75 வயதில்தான். ஓடவே மாட்டார் என்று நம்பும் ஆளுக்கு யாராவது இத்தனை வேலி போடுவார்களா? தமிழ்நாட்டுச் சாமியார்களுக்கு மட்டும் இரவில் ஓடும் சிரமம் இல்லை. சில ஆண்டுகளுக்கொரு முறை ஆயரே மாற்றல் உத்தரவு போட்டுவிடுகிறார். நாமும் மணியடிக்கப் போவதில்லை. பொன்னாடை போர்த்தி வழியனுப்பிய கையோடு, வரப்போகிறவரின் பிரசங்கம் எவ்வளவு நீளம் என்று அவருடைய பழைய பங்கில் விசாரிக்கத் தொடங்கிவிடுவோம்.