டார்ச் லைட்டோடு வருபவர்

மடிக்கணினித் திரை இருண்டுபோனால் ஊரார் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். லினக்ஸ் போட்டுக்கொண்டவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதைப் போட்டுவிட்ட புண்ணியவானைத்தான் கூப்பிட வேண்டும். ஆபீசுக்கு ஒருவர், காலனிக்கு ஒருவர் என்று இந்த இனம் பரவிக் கிடக்கிறது. எங்கள் காலனிக்காரரை 'லினக்ஸ் தம்பி' என்போம். தம்பிக்கு வயது நாற்பத்தைந்து. என் பழைய லேப்டாப்பில் விண்டோஸைத் தூக்கிவிட்டு உபுண்டு என்ற லினக்ஸை ஏற்றிய நாளிலிருந்து அவர் எங்களுக்குப் பாதி சம்பந்தி.

"சார், கறுப்பா, இருட்டா?" போனில் முதல் கேள்வி இதுதான். இரண்டும் ஒன்றுதானே என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால், அரை மணி நேரம் பாடம் கேட்க வேண்டும்.

வந்ததும் பையிலிருந்து டார்ச் லைட்டை எடுப்பார். செத்த திரையின்மேல் சாய்வாக அடித்து, கண் டாக்டர் மாதிரி குனிந்து பார்ப்பார். உள்ளே என் மகளின் கல்யாண போட்டோ மங்கலாகத் தெரிந்ததும் முகம் மலரும். "படம் இருக்கு சார். பின்னாடி எரியுற விளக்குதான் இல்ல." ஓஎல்ஈடி திரைக்காரர்களை அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அதில் பின்விளக்கே கிடையாது. டார்ச்சுக்கு வேலை இல்லை.

வெளிச்சத்தைக் கூட்டும் பொத்தானை அமுக்கினால் திரையில் சூரியப் படம் ஏறும், வெளிச்சம் ஏறாது. ஏன்? சில லேப்டாப்புகளில் ஒரே விளக்குக்கு இரண்டு குமிழ் இருக்குமாம். ஒன்றின் பெயர் ஏசிபிஐ வீடியோ, இன்னொன்று இன்டெல் பேக்லைட். நாம் திருகுவது ஒன்றை, விளக்கு கேட்பது மற்றொன்றின் பேச்சை. தாலுகா ஆபீசில் மூன்றாம் ஜன்னலில் மனுக் கொடுத்துவிட்டு ஐந்தாம் ஜன்னலில் காத்திருக்கிற கதைதான். இதற்கு மருந்து, கணினி கண் விழிக்கும்போதே லினக்ஸின் கருவான கெர்னலின் காதில் 'ஏசிபிஐ பேக்லைட் ஈக்வல்ஸ் வெண்டார்' என்று ஓதுவது. பலிக்காவிட்டால் 'வெண்டார்' போய் 'நேட்டிவ்' வரும். ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஒரு ரீஸ்டார்ட், ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் ஒரு காபி.

"முழு வெளிச்சம்னா நூறுதானே தம்பி?" என்று காபியோடு வந்த என் மனைவி கேட்டாள்.

"அது மிஷினுக்கு மிஷின் மாறும்க்கா. ஒண்ணுல 15, ஒண்ணுல 255. உங்களுது 937."

"அதென்ன 937?"

அவர் பதில் சொல்லவில்லை. குமிழ் எது என்று நிரூபிக்கிற ஆவேசத்தில், வெளிச்ச அளவை வைத்திருக்கும் கோப்பில் பூஜ்யம் எழுதினார். பூஜ்யத்துக்குச் சில திரைகள் மங்குவதோடு நிறுத்திக்கொள்ளும். எங்களுடையது மொத்தமாக அணைந்தது. "பாத்தீங்களா, இந்தக் குமிழ்தான்!" என்று துள்ளினார். பிறகு டார்ச்சை என் மனைவியிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, தான் தட்டும் எழுத்துகளைத் தானே தேடித் தேடிப் படித்தபடி கால் மணி நேரம் உழைத்து, விளக்கை மீட்டார். சீரியல் போனதே என்று அவள் முறைக்க, "1991-ல ஹெல்சிங்கியில ஒரு காலேஜ் பையன் பொழுதுபோக்கா ஆரம்பிச்சதுக்கா இந்த லினக்ஸ்" என்று சமாதானம் சொன்னார்.

"அவங்கம்மா அந்தப் பையனைக் கடைக்கு அனுப்பியிருக்கலாம்" என்றாள் அவள்.

அடுத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரை தானாக அணைவது. அது வியாதியே இல்லை, 600 விநாடி யாரும் தொடாவிட்டால் தூங்கச் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று ஒரே வரியில் சரிசெய்துவிட்டார். சுலபமானவற்றில் அவருக்கு ருசி இல்லை.

காசு வாங்க மாட்டார். அதுதான் தொல்லையே. வாங்குகிறவராக இருந்தால் சீக்கிரம் முடித்திருப்பார்.

போன வியாழன் இரவு, வந்த அப்டேட்டை ஏதோ நினைப்பில் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில், அதுவரை தம்பிக்கு மசியாத வெளிச்சப் பொத்தான் வேலை செய்தது. கூட்டினால் கூடுகிறது, குறைத்தால் குறைகிறது. சந்தோஷமாக அவருக்குப் போன் போட்டேன். எதிர்முனையில் சற்று நேரம் சத்தமே இல்லை.

"எதனால சரியாச்சு?"

"தெரியலையே தம்பி. தானாத்தான்..."

"தெரியாம எப்படி சார் விடுறது? பழைய கெர்னல் உள்ளதான் இருக்கும். எதையும் தொடாதீங்க, சாயங்காலம் வந்து மறுபடி இருட்டாக்கிப் பாத்துடறேன்."