போன தடவைக்காரர்

சேத்துமடை சோதனைச் சாவடியைத் தாண்டி டாப்ஸ்லிப்புக்கு மலை ஏறும் எந்த வண்டியிலும் இவர் இருப்பார். முன் இருக்கை இவருக்குத்தான். உடம்பு முழுக்க இலை அச்சிட்ட மிலிட்டரி சட்டை. அதைப் பார்த்து எந்தப் புள்ளிமானும் ஏமாந்ததாகத் தகவல் இல்லை. சட்டையில் அடித்த சென்ட் இவருக்கு அரை கிலோமீட்டர் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும். கழுத்தில் பைனாகுலர் தொங்கும். அதன் மூடியைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. அதற்குத் தேவையும் இல்லை. பார்க்க வேண்டியதையெல்லாம் இவர் போன தடவையே பார்த்து முடித்துவிட்டார்.

"இந்த வளைவுதானுங்க. போன தடவை வந்தப்ப இதோ, இந்தக் கல்லு மேல அப்படியே ஒக்காந்திருக்குது."

என்ன என்று நாம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் தானே கேட்டுக்கொள்வார்.

"என்னன்னு கேளுங்க. சிறுத்தை!"

வண்டி மொத்தமும் ஜன்னல் பக்கம் சாயும். கல்லைக் கண்டோம், சிறுத்தையைக் காணோம்.

ஊருக்குள் இவரால் இப்படித் தழைக்க முடியாது. சொந்தக்காரர் வீட்டு விருந்தைப் பற்றி ஒன்றைக் கூட்டிச் சொன்னால், பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவர் மறுத்துவிடுவார். காட்டில் மறுத்துச் சொல்ல வேண்டியது சிறுத்தை. அது சம்மனுக்கு வராது. ஆனைமலை புலிகள் காப்பகத்தின் உட்பகுதி மட்டும் 958 சதுர கிலோமீட்டர். வனத்துறை வேன் நம்மை ஏற்றிக்கொண்டு போய்வருவது அதில் ஒரு நூலளவு சாலை. பகலெல்லாம் புதருக்குள் படுத்துக் கிடக்கிற விலங்கு, நாம் டிக்கெட் வாங்கிய நேரம் பார்த்து அந்த நூலைத் தாண்டினால்தான் அதிசயம். தாண்டாமல் இருப்பதுதான் காட்டு வழக்கம். அந்த வழக்கம்தான் இவருக்கு மூலதனம்.

வால்பாறைச் சாலையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளுக்கும் இவரிடம் தனித்தனிக் கணக்கு உண்டு. பதினேழில் கரடி, இருபத்து மூன்றில் செந்நாய்க் கூட்டம், முப்பத்தொன்றில் புலி, அதுவும் குட்டியோடு. ஒன்பதாவது வளைவில் வரையாடு என்பார். அது மட்டும் உண்மை. லோம்ஸ் காட்சிமுனைப் பாறைகளில் அவை மேய்வதை அந்த வழியே போன பலரும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் உண்மையை உண்மை அளவிலேயே விட்டுவைக்க இவருக்கு மனம் வராது. "ஐநூறு இருக்குமுங்க, வரிசையா நிக்குது" என்பார். 2024இல் மாநில அரசு மலை மலையாக ஆள் அனுப்பி எண்ணியபோது தமிழ்நாடு முழுவதற்கும் கிடைத்த வரையாடுகள் 1031. அதில் பாதி இவருக்காக ஒரே வளைவில் வந்து வரிசை கட்டியிருக்கின்றன.

கண்ணெதிரே நிற்பதற்கு இவரிடம் மரியாதை கிடையாது. சாலையோரத்தில் காட்டுமாடு ஒன்று, கருங்குன்று போன்ற உடம்பும் முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறையுமாக நின்று நம்மைப் பார்க்கும். பின் இருக்கைக் குழந்தைகள் மூச்சை அடக்கிக்கொள்ளும். இவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இது சின்னதுங்க. போன தடவை பாத்தது இதவிட ஒரு மடங்கு" என்பார். இதைவிட ஒரு மடங்கு என்றால் அந்த மாட்டுக்குச் சாலையே போதாது. இருவாச்சி தலைக்கு மேலே சிறகோசையோடு கடந்துபோனால், போன தடவை ஜோடியாகப் போனதாம். மழை பிடித்துக்கொண்டால், போன தடவை பெய்ததுதான் மழை. அட்டை காலில் ஏறினால்கூட அதற்கும் ஒரு முன்னோடி அட்டை உண்டு.

இவருக்கு இருக்கும் ஒரே ஆபத்து, கூடவே வரும் மனைவி.

"ஏனுங்க, போன தடவை எனக்குத் தலைச்சுத்தல்னு ஆழியார்லயே திரும்பிட்டமில்லீங்க?"

வண்டிக்குள் ஒரு கணம் அமைதி.

"அது போன தடவை. நான் சொல்றது அதுக்கு முந்தின போன தடவை."

"படம் இருக்குங்களா அண்ணா?" என்று கல்லூரிப் பையன் யாராவது கேட்பான். இந்தக் கேள்விக்கு இவரிடம் பதில்கள் பல. சார்ஜ் இல்லை. பழைய போனில் இருக்கிறது. பழைய போன் மச்சானிடம் இருக்கிறது. மச்சான் துபாயில் இருக்கிறான். எதுவும் எடுபடாவிட்டால் கடைசி அஸ்திரம் வரும்: "புலியப் பாத்தா கையெடுத்துக் கும்பிடத் தோணுமா, போனத் தேடத் தோணுமா?" பையன் தலைகுனிவான்.

டாப்ஸ்லிப்பில் ஹியூகோ வுட்டின் கல்லறைக்கு எல்லோரையும் இவர்தான் அழைத்துப் போவார். வெட்டிய தேக்கு மரங்களைச் சரிவில் சறுக்கிவிட்டுச் சறுக்கிவிட்டு மொட்டையாகிக்கொண்டிருந்த மலையில், மறுபடி தேக்குக் காட்டை எழுப்பிய வெள்ளைக்கார வன அதிகாரி அவர். 1933இல் இறந்தார். கைத்தடியால் மண்ணில் குழி போட்டு, சட்டைப்பையிலிருந்து விதை போட்டுக்கொண்டே நடப்பார் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கதை. அவருடைய ஞாபகச் சின்னம் வேண்டுமென்றால் சுற்றிலும் பாருங்கள் என்ற பொருளில் கல்லறையில் லத்தீன் வாசகம் இருக்கிறது. நம்மவர் சுற்றிலும் பார்ப்பார். "போன தடவை மரமெல்லாம் இன்னும் ஒசரமா இருந்துச்சு" என்பார்.

கோழிகமுத்தி யானை முகாமிலும் பழைய பழக்கம். கலீம் என்ற கும்கி, ஊருக்குள் புகுந்த எத்தனையோ காட்டு யானைகளை வழிக்குக் கொண்டுவந்துவிட்டு 2023இல் பணி ஓய்வு பெற்றது. அது இவரைக் கண்டால் துதிக்கையைத் தூக்கும் என்பார். நல்ல யானைக்கு இலக்கணம், இதையெல்லாம் மறுக்காமல் கரும்பு தின்பது.

இவரைக் கேலி செய்தாலும், இன்னொரு ரகத்தோடு ஒப்பிட்டால் என் ஓட்டு இவருக்குத்தான். அந்த இன்னொரு ரகம், புலி வரவில்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கொடு என்று டிக்கெட் ஜன்னலில் நின்று சண்டை பிடிக்கும். இவர் அப்படியில்லை. இவருடைய கல்லை உற்றுப் பார்க்கப் போய்த்தான், அதற்கு மேலே கிளையில் வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு காய் கொறிக்கும் மலை அணிலைக் குழந்தைகள் கண்டுபிடிக்கின்றன. இவர் இல்லாத வேனில் அவை போனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

காட்டை உண்மையிலேயே அறிந்தவர் அதே வேனில்தான் இருப்பார். டிரைவர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர், மலசர் இளைஞர். பிறந்ததிலிருந்து இந்த மலையில் இருப்பவர். போன தடவைக்காரர் ஒவ்வொரு கதைக்கும் இவரிடம்தான் முத்திரை கேட்பார். "என்ன தம்பி, இங்க புலி இருக்குமில்ல?" தம்பி சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வார்: "இருக்குமுங்க." ஆமாம் என்றும் இல்லை, இல்லையென்றும் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை போன தடவைக்காரர்களைப் பார்க்கிறாரோ.

அப்படி ஒரு சவாரியில் நானும் இருந்தேன். திரும்பும் வழியில் காவலர் சட்டென்று கையைத் தூக்கினார். டிரைவர் இன்ஜினை அணைத்தார். மேலே கருமந்தி ஒன்று அடித்தொண்டையில் கூவியது. பள்ளத்தில் கடமான் குரல் கொடுத்தது. கண்டதைக் கூட்டத்துக்குச் சொல்லும் எச்சரிக்கைக் குரல். நம்மவர் எழுந்து, சாலைக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்து நின்றுகொண்டார். காட்டில் ஏன் பேசக் கூடாது என்பதைப் பற்றிப் பேசினார். விலங்குகளின் காது எவ்வளவு கூர்மை, போன தடவை யாரோ தும்மியதால் என்ன ஆயிற்று, எல்லாம் வந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் உண்ணிச்செடிப் புதர் அசைந்தது. பழுப்பாகவோ மஞ்சளாகவோ ஏதோ நகர்ந்தது, அல்லது வெயில் நகர்ந்தது. கடமான் அடங்கியது. காவலர் கையை இறக்கினார்.

கவுன்ட்டர் முன்னால் அடுத்த கூட்டம் காத்திருந்தது. வேனிலிருந்து இறங்குகிறவர்களிடம் எல்லோரும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்கள்: "ஏதாச்சும் பாத்தீங்களா?"

"பாத்தமாவா?" என்றார் நம்மவர். "சித்த முன்னால. ரோட்டுக்குக் குறுக்கால. இவ்வளவு நீளம்." கைகள் போதாமல் ஒரு கால் எட்டும் வைத்தார். கூட்டம் நெருங்கியது. சந்தேகப்பட்ட ஒரு பெரியவரைப் பார்த்துவிட்டு என் தோளில் கையைப் போட்டார். "சாரும் பாத்தாரு. சொல்லுங்க சார்."

முப்பது கண்கள் என் மேல் இருந்தன. சின்னப் பையன் ஒருவன் வாயைத் திறந்தபடி நின்றான்.

"நான் வாலைத்தான் பார்த்தேன்" என்றேன்.