எண்ணெய் தேய்த்த அத்தான்

மேற்கு மலையின் முகட்டில் மேகம் கவிந்த மாத்திரத்தில், கடையநல்லூரில் கைலி நெய்துகொண்டிருப்பவர்களெல்லாம் தறியை நிறுத்திவிட்டுக் குற்றாலத்துக்கு ஓடுவார்கள் என்று பட்டணவாசிகள் நினைத்திருக்கலாம். வாஸ்தவத்தில், 20 கிலோமீட்டருக்குச் சற்று மேலே உள்ள அந்த அருவிக்கு நாங்கள் எங்கள் பொருட்டுப் போனதாகச் சரித்திரமே இல்லை. விருந்தாளி வந்தால் மட்டும் பரணிலிருந்து இறங்கும் பித்தளைக் கூஜாவைப் போல, குற்றாலமும் எங்கள் வீட்டில் விருந்தாளிகளுக்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்ட ஒரு வஸ்து.

மீட்டர் கேஜ் ரயில் ஓடிய காலத்தில், ஓர் ஆனி மாதத்துக் காலைப் பொழுதில், என் தமக்கையின் கணவர் எழும்பூரிலிருந்து கொல்லம் மெயிலில் 600 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து வந்து இறங்கியவர், அன்று சாயங்காலமே திரும்ப வேண்டும் என்றும், இடையில் கிடைத்த பகலுக்குள் அருவியை முடித்துவிட வேண்டும் என்றும் தெரிவித்தார். குற்றாலத்திலேயே குடியிருந்து, ராஜாஜி, கல்கி போன்ற நண்பர்களுக்கு அருவியையும் கம்பனையும் சேர்த்தே பரிமாறிய ரசிகமணி டி.கே.சி. இதைக் கேட்டிருந்தால், அவரைப் பெட்டியோடு பிடித்து உள்ளே பூட்டியிருப்பார். நானோ கடமைப்பட்ட மைத்துனன். துண்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

இடைகால் தாண்டும்போதே சாரல் ஜன்னல் வழியாக வந்து அத்தானின் மூக்குக் கண்ணாடியை மறைத்தது. "ஆகா, சீஸன்!" என்று அவர் பரவசப்பட்டார். எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கிற்று. சாரல் மிகுந்தால் அருவி அழகாகும். அளவுக்கு மீறினால் அதே அருவி நம்மை அண்டவிடாது என்பதை விருந்தாளியிடம் எப்படிச் சொல்வது?

இக்காலத்தில் எண்ணெயும் சோப்பும் அருவிக்கரையில் கூடாதென்று நீதிமன்றமே தடுத்துவிட்டது. அன்றோ, எண்ணெய் தேய்க்காமல் அருவிக்குள் நுழைவது அபசாரம். அத்தானைப் பலகையில் உட்கார வைத்த எண்ணெய்க்காரர், உச்சந்தலையில் ஒரு கரண்டி நல்லெண்ணெயை ஊற்றி, தபலா வாசித்து, முதுகில் முழங்கையை ஓட்டி, காது மடலைக்கூட விடாமல் முறுக்கிப் பிழிந்து முடித்த அதே கணத்தில் போலீஸ்காரரின் விசில் கேட்டது.

அண்ணாந்து பார்த்தோம். பேரருவி மேலிருந்து நேரே நம் தலையில் விழுவதில்லை. பாதி வழியில் பொங்குமாங்கடல் என்ற பாறைக் குழியில் விழுந்து, அங்கே தன் உக்கிரத்தைத் தணித்துக்கொண்டுதான் கீழே வழிகிறது. அன்று அந்தக் குழிக்கும் அடங்காமல், செம்மண் நிறத்தில் சீறி, பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தது. வளைவைத் தாண்டினால் குளிக்கத் தடை. ஐந்தருவியிலும் அதே கதை என்று எதிரே வந்த ஈர வேஷ்டிக்காரர் ஒருவர் திருப்தியோடு அறிவித்தார்.

"செத்த பொறுங்க அண்ணாச்சி, மழை வெறிச்சிட்டுன்னா தண்ணி குறைஞ்சிரும்" என்றார் எண்ணெய்க்காரர், காசை எண்ணியபடியே. பொறுத்தோம். மூன்று மணி நேரம் சிற்றாற்றங்கரையில், எண்ணெய்க்காப்புச் சாத்திய விக்கிரகம்போலப் பளபளத்துக்கொண்டு, இடுப்பில் துண்டோடு அத்தான் வீற்றிருந்தார். அவரைச் சுற்றி வந்து பார்த்த குரங்கு ஒன்று, பக்கத்தில் வைத்திருந்த சீயக்காய்ப் பொட்டலத்தை எடுத்து, பிரித்து, முகர்ந்து, தும்மிவிட்டுப் போயிற்று. மலையில் மழை வெறிக்கவில்லை.

"மாப்ளே, ரயிலுக்கு நேரமாச்சு" என்றார் அத்தான் கடைசியில். திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் அவரை இருக்கையில் உட்காரவிடவில்லை. கடையநல்லூர் வரை கம்பியைப் பிடித்து, கம்பி வழுக்க வழுக்க, நின்றுகொண்டே வந்தார். வீட்டுக் கிணற்றடியில் என் தாயார் பதினான்கு வாளி தண்ணீர் இறைத்து ஊற்றினாள்.

மறுநாள் விடியற்காலையில் தடை நீங்கியது. அத்தான் அப்போது தாம்பரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தார்.